சம்மணம் போடாத தாய்மாமன்

1986 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு விழித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துப் படுத்திருந்த தலையணையை எடுத்தேன். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைத்தேன். தொடையை இறுக்கித் தளர்த்தினேன். இடது காலைப் பக்கவாட்டில் நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்தேன். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று அதே காலைப் பின்னால் நீட்டினேன். காபி. முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தியில் மீந்த கொழுக்கட்டை இரண்டு.

ஜூலையில் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் என் இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் வேறு வைத்திருந்தார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் விதிகளையும் சொல்லி அனுப்பியிருந்தாள்: தினமும் நடக்க வேண்டும்; குந்தக்கூடாது, சம்மணம் கூடாது, குனிந்து பாதத்தைத் தொடக்கூடாது. மீறினால் புது மூட்டின் பந்து அதன் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடும்.

திருவண்ணாமலையில் இதை நம்பியவர் என் மனைவி ஒருத்திதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், உள்ளே வைத்தது இறுகும்வரை ஆடாமல் படுக்க வேண்டும் என்றார்கள், புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரையைப் பற்றிச் சொல்வதுபோல. நான் காலைத் தூக்கினால் பதறினார்கள். சம்மணம் போடுவதை மட்டும் அவர்கள் ஓர் அசைவாகவே கருதவில்லை.

அன்று என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவனே.

தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. வாக்கரை ஊன்றி நடந்தே போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர், "என்னா சார், கிரிவலம் கெளம்பிட்டீங்களா?" என்றார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். வேறு எதுவும் செய்யக்கூடாத நேரமாகையால் எல்லோரும் என் இடுப்பைப் பற்றிப் பேசினார்கள்.

கூடத்தில் மணை போட்டிருந்தது. நான் நாற்காலி கேட்டேன். தங்கையின் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாற்காலியில ஒக்காந்து காது குத்தறதுக்கு இது என்னா சலூனா தம்பி?"

"கீழ ஒக்காரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா. கழண்டுடும்."

"கழண்டா மாட்டிக்கறது. புது சாமான்தானே? ஒரு நிமிசம் சம்மணம் போட்டா ஒண்ணும் ஆவாது. நீங்க எக்சர்சைஸ்தான் ஜாஸ்தி பண்றீங்க. அதைக் கம்மி பண்ணுங்க."

கூடத்தில் பல தலைகள் ஆடின. எனக்கு முடியாதென்றால் என் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம், அவனும் மாமன் முறைதானே என்றார் மாமனார். சித்தப்பா மகன் ஏற்கெனவே மணைக்குப் பக்கத்தில், பட்டுச் சட்டையில், யாரும் இதுவரை பார்த்திராத அளவுக்கு அழகான சம்மணத்தில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு நிமிஷம்தானே என்று தோன்றிவிட்டது. வாக்கரைவிட்டு ஒரு கையை எடுத்தேன்.

"ஏங்க," என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். கையைத் திரும்ப வைத்தேன்.

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்கண்ணன் மடியிலதான். இல்லன்னா காது மூளியாவே இருக்கட்டும்."

மாமனார் எழுந்துபோய் நாற்காலியைத் தாமே இழுத்துவந்தார். அதன்மேல் பாயை நாலாக மடித்துப் போட்டார். பாயின்மேல் மணையை வைத்தார். "மணைமேல ஒக்காந்தா கீழ ஒக்காந்த கணக்குதான்," என்றார். சாஸ்திரம் சமாதானமடைந்தது. இருக்கை உயர்ந்ததில் ஆஸ்பத்திரி விதிக்கும் குறையில்லை. வலது கால் பக்கம் மணை லேசாக ஆடியது. அதை இரண்டு தரப்பும் கவனிக்கவில்லை.

ஒன்பது அடித்ததும் குழந்தையை மடியில் வாங்கினேன். ஆசாரி நின்றபடி வலக் காதைக் குத்தினார். என்ன நடக்கிறது என்று குழந்தைக்குப் புரிவதற்குள் முடிந்துவிட்டது. இடக் காதுக்கு வருவதற்குள் நன்றாகப் புரிந்துவிட்டது. துள்ளிக்கொண்டு என் இடது தொடையில் ஓங்கி உதைத்தாள். உள்ளே 'சொடக்' என்றது.

குழந்தை அழுத அழுகையில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. நழுவினால் கால் குட்டையாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. வலியோடுதான் எழுந்தேன். எழ முடிந்தது, நடக்கவும் முடிந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால், காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துச் செய்ததுதான் காரணம் என்று கூடம் முழுவதும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லியிருக்கும். பழி பயிற்சிமேல் விழுந்தால் மறுநாளே என்னைக் கட்டிலோடு கட்டிப்போடுவார்கள். விருந்தை மேசையில் சாப்பிட்டேன். வீடு திரும்பினால் அங்கேயும் உறவினர் கூட்டம். தங்கை வீட்டில் படுக்க இடம் போதாமல் அவள் மாமனாரும் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். வேட்டியை விலக்கிக் காலைப் பார்க்கக்கூட இடமில்லை.

மறுநாள் விழித்ததும் பயிற்சியைத் தொடங்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு வரச்சொல்லி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கால்களையும் நேராக நீட்டி, குதிகால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "ரெண்டும் சமமா இருக்கா, பாரு," என்றேன்.

அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கடைக்காரர் அளவு பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"சமமாத்தான் இருக்கு," என்றாள். "ரெண்டுலயும் ஒரே அளவுக்கு அழுக்கு."

அப்புறம் ஈரத்துணி கொண்டுவந்து, எனக்கு எட்டாத அந்தப் பாதங்களைத் துடைத்துவிட்டாள்.