அரியாங்குப்பம் பாலத்தில் நின்ற கார்

என் அப்பா இருபத்தெட்டு வருஷம் விசைப்படகு டிரைவராக இருந்தார். இப்போது அதே படகில் வலை இழுக்கிறார். அதற்குக் காரணம் என் கார் என்றுதான் வெளியே பேச்சு. காரை மட்டும் குற்றம் சொன்னால் அது பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் டிரைவர் என்றால் சுக்கானும் அவர் பொறுப்பு, எஞ்சினும் அவர் பொறுப்பு. கரை கண்ணில் படாத தூரத்தில் எஞ்சின் நின்றால் கூட இருக்கிறவர்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். தடை முடிந்து படகை இறக்கும் நாளில், பூசணிக்காய் உடைத்த பிறகு, ஓனர் எஞ்சின் சாவியை யார் கையில் கொடுக்கிறாரோ அவர்தான் அந்த வருஷத்து டிரைவர். அதற்கு எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அப்பா கைக்கு அது தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் தடைக்காலம் தொடங்கும் முன்பே ஓனர் தயங்கினார். "புது எஞ்சின் வெக்கப் போறேன் மச்சான். எல்லாம் சென்சாரு, ஒயரு. ஒனக்கு ஒத்து வருமான்னு பாக்கலாம்" என்றார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் துறைமுகத்தில் போய், "எம்புள்ள ஜெர்மன் வண்டி வெச்சிருக்கான். அதுவே எங்கையாலதான் ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்தார். அது முழுப் பொய் இல்லை.

அந்தக் காரை நான் ஒரு மிசேயிடம் வாங்கினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் மிசே என்போம். பிள்ளைகளோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கார் வேப்பமரத்தடியில் நின்றது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, கறுப்பாக இருந்து சாம்பலாகிப்போன நிறம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு பேர் ஏறி இறங்க வசதியில்லாத பழைய வண்டியை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் என்னைப் போன்ற ஒருவனுக்குக் கிடைத்தது. நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள், ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். அந்தக் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். வேண்டும் என்று இருந்தது.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அன்னக்கூடையோடு வந்தவள், வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாடா இது, ரெண்டு கதவுதான் இருக்குது? பாதிக் காரை மிசேவே வெச்சிகினாரா?"

பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, குனிந்து, நுழைய வேண்டும். அம்மா ஒரே ஒரு தடவை நுழைந்தாள். அதற்கப்புறம் பஸ்ஸே போதும் என்றுவிட்டாள்.

பழைய ஜெர்மன் காரைக் கையில் காசில்லாமல் வைத்திருப்பது எப்படி என்று எனக்கு இரண்டு வருஷத்தில் தெரிந்தது. அதன் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்தால் கண்ணாடி தானாக ஒரு விரற்கடை இறங்க வேண்டும், மூடினால் ஏற வேண்டும். ஒரு மழைக்காலத்தில் இறங்கிய கண்ணாடி ஏறவேயில்லை. உரச் சாக்கைக் கிழித்து ஒட்டிக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போனேன். புது சாமான் நினைத்தும் பார்க்க முடியாது. சென்னை புதுப்பேட்டையில், அடிபட்டு வந்த கார்களிலிருந்து கழற்றியதைத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். கடல்காற்று கதவுகளின் அடிப்பக்கத்தைத் தின்றது. அப்பா படகுக்குத் தடவுகிற கிரீஸைக் கொண்டுவந்து அடியில் இருந்த எல்லா போல்ட்டிலும் அப்பிவிட்டார். அது நல்ல வேலைதான். அவரால் அந்தக் கார் ஓடியது என்பதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

எஞ்சின் வேலைக்கு மட்டும் டவுனில் உப்பளம் பகுதியில் ஒரு மெக்கானிக்கிடம் போவேன். போன தீபாவளிக்கு முன்னால் அவர் சொன்னார்: "சார், தண்ணி பம்பு மாத்திடுங்க. உள்ள பிளாஸ்டிக் இறக்கை. இத்தனை கிலோமீட்டருக்கு அது நிக்காது." சரி என்று தலையாட்டினேன். அந்த மாதம் கையில் சேர்ந்த பணத்தில் பானெட்டுக்கு பெயின்ட் அடித்தேன். வெயிலில் மேல்பூச்சு உரிந்து தேமல் மாதிரி இருந்தது. கல்லூரி வாசலில் நிறுத்தும்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். பம்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

தடைக்காலம் வந்தது. அப்பா பகலெல்லாம் வீட்டில். காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிற நேரமும் அதுவே. பதிவைப் புதுப்பிக்க ஒரு திங்கட்கிழமை வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். அந்த வாரம் சாப்பிடும்போது, "டிராபிக்ல நின்னா சூடு ஏறுதுப்பா" என்று சொன்னேன். சும்மா சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை நான் கல்லூரியில் இருந்தபோது அவர் பானெட்டைத் திறந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. சோதனை வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் தொடவுமில்லை.

திங்கட்கிழமை காலை குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "நானும் வரேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போகிற பாலத்தில் வழக்கமான நெரிசல். நின்று நின்று நகர்ந்தோம். நான் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதை ஏன்டா பாத்துகினே இருக்க? இனிமே சூடே ஆவாது" என்றார். முகத்தில் அடக்கிய சிரிப்பு. "தெர்மாஸ்டேட்டைக் கழட்டி எறிஞ்சிட்டேன். எங்க போட்டு எஞ்சின்ல மொத வேலையே அதான். புதுத் தண்ணியும் ஊத்திட்டேன், போர் தண்ணி."

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற சின்ன வால்வு அது. படகுக்காரர்கள் அதை ஒரு தொந்தரவாகத்தான் பார்ப்பார்கள். படகு எஞ்சினில் தண்ணீர் மாற்றினால், மூடியைத் திறந்து ஓடவிட்டால் போதும், உள்ளே இருக்கும் காற்று தானே வெளியேறிவிடும். இந்த எஞ்சினில் அப்படி இல்லை. ஒரு சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக் எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறார்.

"காத்து எடுத்தியாப்பா?"

"இன்னா காத்து?"

நடுவிலேயே நின்ற முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சினை அணைப்பதற்குள் அதுவே ஒரு தரம் குலுங்கி நின்றது. பாலத்தின் நடுவில் நின்றோம். பின்னாலிருந்து ஹாரன். நான் இறங்கினேன், அவரும் இறங்கினார். கரையேற்றிய படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள் டூவீலர்களை ஓரம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவின் படகிலேயே வலை இழுக்கிறவர்.

"இன்னா மாமா, ஜெர்மனி தள்ளு வண்டி ஆயிடுச்சா?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் நான் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை.

"எழுத்து தெரியாத கையை இதுல ஏன்பா வெச்ச? இது ஒன்னோட டப்பா எஞ்சின் இல்ல. நல்லா இருந்த வண்டியக் கொன்னுட்ட."

சிரிப்பு நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கம் போய் இரண்டு கைகளையும் டிக்கியில் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வேன் ஒன்றில் கட்டி இழுத்து உப்பளத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் கூப்பிட்டார். போனேன். பெஞ்சின் மேல் ஒரு பழைய செய்தித்தாளில் பம்பை வைத்திருந்தார். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய தண்டு மட்டும் இருந்தது.

"இது நேத்து ஒடைஞ்சதில்ல சார். மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்குது. நான்தான் அப்பவே சொன்னேனே."

"அப்பா தண்ணி மாத்தினதால இல்லையா?"

"காத்து எடுக்காம விட்டது தப்புதான். ஆனா இந்தப் பம்பை வெச்சிகினு காத்து எடுத்திருந்தாலும் வண்டி பாலம் தாண்டியிருக்காது. அவர் மேல போடாதீங்க. சூட்டுல எஞ்சினோட மேல்மூடி, ஹெட்டு, வளைஞ்சிடுச்சு. இதைச் சரி பண்ற செலவுக்கு இந்த மாதிரி இன்னொரு வண்டி வாங்கிடலாம்."

வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"ஹெட்டு வளைஞ்சிடுச்சாம்."

"நான் தண்ணி ஊத்தனதாலயா?"

நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பம்பு என்று சொன்னால் பானெட் பெயின்ட்டைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பாலத்தில் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒருமுறை கேட்டார்: "ஹெட்டைக் கழட்டிக் குடேன். தேங்காய்த்திட்டு லேத்துல இழைச்சித் தரச் சொல்றேன்."

"வேணாம்பா."

அதற்குப் பிறகு அவர் எதையும் கழற்றவில்லை. அம்மாவின் மிக்ஸி நின்றபோது, "கடையில குடுத்துடு" என்றார். அதுவரை அந்த மிக்ஸி கடையைப் பார்த்ததே கிடையாது. தன் டிவிஎஸ்ஸின் பிளக்கைக்கூட மெக்கானிக் ஷெட்டில் சுத்தம் செய்யச் சொன்னார். காரை உதிரி சாமானுக்கு எடுக்கிற ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு, அவர் வெளியே வரவேயில்லை.

தடை முடிந்தது. படகு இறக்குகிற அன்றைக்கு நானும் கூடப் போனேன். புது எஞ்சின் பச்சை நிறத்தில் மினுமினுத்தது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஓனர் சாவியை எடுத்து, காரைக்கால் படகொன்றில் ஓட்டிக்கொண்டிருந்த வேறொருவர் கையில் கொடுத்தார். அப்பாவின் தோளில் கை போட்டு, "இந்த வருஷம் நீ முன்னாடி நில்லு மச்சான். வலையைப் பாத்துக்க" என்றார்.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "பாலத்துல நின்னா தள்ளிடலாம். கடல்ல நின்னா யாரு எறங்கித் தள்ளறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் அவரிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்க அதுதான் இடம், அதுதான் நேரம். திறக்கவில்லை. படகு கழிமுகத்தைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா முன்பக்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள், படகு கடலில் இருக்கும்போது, ஓனர் வீட்டுக்குப் போனேன். பம்பு தேய்ந்திருந்ததையும், மாற்றச் சொல்லியும் நான் மாற்றாததையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, பம்பு போச்சோ இன்னா போச்சோ, எனக்கு அது வேணாம். பெத்த புள்ளயே பாலத்துல நின்னுகினு வண்டியக் கொன்னுட்டியேன்னு கத்தினான். அதைக் கேட்டவனுங்க அந்தாளு பின்னாடி கடலுக்கு வருவானுங்களா? நீயே சொல்லு."

"அது தப்புன்னுதான் சொல்ல வந்திருக்கேன் மாமா."

"சாவி குடுக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கலாமே. நானும் ஒங்கப்பனுக்குத்தான் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் நம்மகிட்ட இல்லியே."

ஆறாம் நாள் அப்பா கரைக்கு வந்தார். சோற்றின் முன் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் சுக்கான் பிடித்த உள்ளங்கையில் கயிறு அறுத்து இரண்டு இடத்தில் தோல் வழன்றிருந்தது. மிளகாய்க் குழம்பில் அந்தக் கை பட்டபோது முகம் சுளித்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பம்பை, பெயின்ட்டை, ஓனர் வீட்டுக்குப் போனதை. ஒரே மூச்சில், நிமிராமல் சொன்னேன்.

அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இதை மெக்கானிக்கு எப்ப சொன்னாரு?"

"மறுநாளே."

அவர் உதடு லேசாக அசைந்தது. அன்றிலிருந்து சாவி கைமாறிய நாள் வரை எண்ணுகிறார் என்று புரிந்தது. எங்கேயோ ஓரிடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"கொழம்பு ஊத்து" என்றார் அம்மாவிடம்.

அம்மா கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்துடி" என்றார் மறுபடியும்.