ஆட்டுக்குக் கிடைத்த லீவு

பனியன் கம்பெனியில் செக்கிங் என்பது, நாள் முழுக்க முழ தூரத்துக்கு அப்பால் எதையும் பார்க்காத வேலை. என்னைப் போலவே டேபிள் முன்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதனால்தானோ என்னவோ, கண் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை தூரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மலை வந்த வழி

குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் ஒரு மலை, அதன் மேல் ஒரு ஆடு. இப்படி நிஜத்தில் ஆடு நிற்குமா என்று அயர்னிங் மாஸ்டரிடம் கேட்டேன். உடுமலை தாண்டி, மூணாறு போய்ச் சேருமுன்னே இரவிகுளம், மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளிதான், வரையாடு பக்கத்திலேயே வந்து மேயும் என்றார். அன்றைக்கு ஒவ்வொரு பீஸிலும் நான் அந்த மலையில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பொண்ணு பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்:

"மலையைப் பாத்தது போதுங்கக்கா, தையலையும் கொஞ்சம் பாருங்க."

குளிருக்குத் துணி

எங்கள் டேபிளில் ஆறு பேரும் போவதென்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே நல்லூரிலிருந்து வேன், கட்டுச்சோற்றுக்குப் புளிசாதம், எல்லாம் பேசியாயிற்று. மேலே குளிரும் என்றார்கள். உலகத்துக்கே துணி அனுப்புகிற ஊரில் எங்களில் ஒருத்தியிடமும் ஸ்வெட்டர் இல்லை. பழுதான பீஸ்களை மலிவாக விற்கிற செகண்ட்ஸ் கடையில் தொப்பி வைத்த கனத்த பனியன் ஆறு எடுத்தோம். கைப்பழக்கம், ஆறையும் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வலது கை மட்டும் ஒரு விரற்கடை கூடுதல் நீளம். கடைக்காரர் சிரித்துவிட்டார்:

"தெரிஞ்சே ஆறு பேரும் ஒரே மிஸ்டேக்க வாங்கறீங்களேங்கம்மா."

இரண்டு வேண்டுதல்

கம்பெனிக்கு ஆர்டர் குறையாமல் வரணும் சாமி என்றுதான் எப்போதும் கும்பிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை, மலைக்குப் போவதும் நல்லபடி நடக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். முருகன் முதலில் கேட்டதை முதலில் கொடுத்துவிட்டான். அவசர ஷிப்மென்ட், ஞாயிறும் வேலை.

அது முடிந்து மாசியில் மறுபடி வேனுக்குச் சொன்னோம். டிரைவர் விசாரித்துவிட்டு போன் செய்தார். வரையாடு குட்டி போடும் காலமாம். குட்டிகள் தேறும்வரை ஆட்களை உள்ளே விடமாட்டார்களாம். எங்கள் டேபிள் தங்கமணி, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு மாராப்பு நனைய நனைய வேலைக்கு வந்தவள். பிசிறு நூலைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆட்டுக்காச்சும் லீவு குடுத்தாங்களேக்கா. குட்டியோட இருக்கட்டும்."

மார்கழி

அப்புறம் ஒருத்தி வீடு மாறி மங்கலம் பக்கம் போனாள், ஒருத்தி வேறு கம்பெனிக்கு. அந்தப் பனியனை நான் மார்கழியில் கோயிலுக்குப் போட்டுப் போகிறேன், நீண்ட கையை மடித்துவிட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மகன், மலைக்கு நான் கூட்டிப் போகிறேன் என்பான். ஆறு பேரும் சேர்ந்து போவதாகத்தானே கண்ணு பேச்சு என்பேன். போன வாரம் அவன் கேட்டான்:

"ஆறு பேருக்கும் ஒண்ணா எப்பங்கம்மா லீவு கெடைக்கும்?"

ஆர்டரும் வேண்டும், லீவும் வேண்டும் என்று ஒரே வாயால் கேட்கிற என் வேண்டுதலை முருகன் இன்னும் பாஸும் பண்ணவில்லை, ரிஜெக்டும் பண்ணவில்லை.