"மொதல்ல எனக்கு எடு"ன்னு கைய நீட்டுன கருப்பையா அண்ணே

கருப்பையா அண்ணே போயிட்டார்.

இன்னைக்கு டயாலிசிஸ் நாள். மதுரைக்குக் கெளம்பணும்னு விடியக்காலைல அவர் சம்சாரம் பேச்சியம்மா மதினி எழுப்பப் போயிருக்காங்க... எந்திரிக்கல.

பேரையூர் பக்கம் அவங்க ஊருக்குப் போய்ட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒரு வேலையும் ஓடல. அதான் இங்க எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு... நான் லேப் டெக்னீஷியன். வெயில்ல காட்டு வேலை பாக்குறவங்களுக்கு சுகரும் இல்லாம, பிரஷரும் இல்லாம கிட்னி கெட்டுப்போகுது. ஏன்னு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்கு ஊர் ஊராப் போய் ரத்தம் எடுப்போம். அண்ணே எங்க வேன் டிரைவர். அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பருத்திக் காட்டுல கூலி வேலை பாத்தவர்.

எழுமலைக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல யாருமே கைய நீட்டல. "ரத்தத்த எடுத்து விக்கப் போறாக"ன்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க. கூட வந்த டாக்டர் பேசிப் பாத்தார், நானும் பேசிப் பாத்தேன். கூட்டம் கலைய ஆரம்பிச்சிருச்சு.

அண்ணே வேன்லருந்து எறங்கி வந்தார். சட்டைக் கைய மடிச்சுட்டு என் முன்னாடி உக்காந்தார். "மொதல்ல எனக்கு எடு தாயி. இவுக பாக்கட்டும்."

எடுத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து உக்காந்தாங்க.

அந்த டியூபையும் மத்ததோட சேத்துத்தான் லேபுக்கு அனுப்புனேன். கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுற உப்புதான் கிரியாட்டினின். வந்த ரிசல்ட்லயே மோசமான கிரியாட்டினின் அவரோடதுதான். ஏதோ தப்புன்னு மறுபடி எடுத்தோம்... அதேதான்.

எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வேன்ல பக்கத்துல உக்காந்திருந்தேன். அவரே கேட்டார்.

"என்ன, உப்பு கூடிருச்சா?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு?"

சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே செய்யலையே தாயி. பசிக்குது, தூங்குறேன்..."

அந்த நோய் அப்படித்தான். முக்காவாசி கெட்ட பெறகுதான் வெளிய தெரியும்.

கிட்னி ஒரு வருஷம் போலத் தாங்குச்சு. பெறகு டயாலிசிஸ். வண்டி ஓட்டுறதும் நின்னு போச்சு.

ஒருநாள் மதுரை சிம்மக்கல்ல டவுன் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தார். டயாலிசிஸ் முடிச்சு வாரார். நல்ல சித்திரை வெயில். பதறிப்போய் ஒரு கூலிங் தண்ணி பாட்டில் வாங்கி நீட்டிட்டேன். டயாலிசிஸ்ல இருக்கவர் தண்ணிய அளந்துதான் குடிக்கணும்னு எனக்குத் தெரியாதா...

வாங்கி, கன்னத்துல கொஞ்ச நேரம் ஒத்தி வச்சுக்கிட்டார். "இது போதும்"னு திருப்பிக் குடுத்துட்டார்.

பேச்சியம்மா மதினி தன் கிட்னியத் தாரேன்னு நின்னாங்க. அண்ணே ஒத்துக்கல. "ரெண்டு பேரும் படுத்துட்டா பிள்ளைகள யாரு பாக்குறது"ன்னு வீட்ல ஒரே சண்டை. மதினி கேக்கல. டெஸ்டுக்கு நான்தான் கூடப் போனேன்.

ரத்த குரூப் பொருந்திருச்சு. அன்னைக்கு மதினி சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுல நிக்குது.

அடுத்த ரிப்போர்ட்டப் பாத்த டாக்டர், "இவங்க குடுக்க முடியாது"ன்னுட்டார். மதினியோட கிட்னியும் கெட ஆரம்பிச்சிருந்துச்சு.

அவங்களும் அதே காடு, அதே வெயில். ஒண்ணுக்கு ஒதுங்க எடமில்லாம, பொழுதுக்கும் தண்ணி குடிக்காமலே களையெடுத்தவங்க.

தன் ரிசல்ட்டுக்கு அழாத அண்ணே, அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதார். "எனக்கு வந்தது போகட்டும். இவளுக்கு ஏன் தாயி?"

ஏன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது அண்ணே. வெயிலுங்கிறாங்க, தண்ணிங்கிறாங்க, பூச்சி மருந்துங்கிறாங்க... தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

மதினி விஷயத்த வெளிய சொல்லலாமான்னு முன்னமே கேட்டிருக்கேன். "சொல்லு தாயி. நாலு பேராச்சும் டெஸ்ட் எடுக்கட்டும்"னாங்க. அதனாலதான் எழுதுறேன்.

இன்னைக்கு நான் கெளம்புறப்ப மதினி ஓரமாக் கூப்பிட்டாங்க.

"காரியம் முடிஞ்சதும் களையெடுக்க வரச் சொல்லியிருக்காக. போகலாமா, கூடாதா?"

"நிழல்ல ஏதாச்சும் வேலை இருந்தாப் பாருங்க மதினி."

"இங்க எங்கிட்டு இருக்கு நிழலு?"

கையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பஸ் வந்துருச்சு.

கும்பிட்டுக்கிறேன் அண்ணே.