கவிழ்த்து வைத்த தட்டு

மே மாதம் வந்தாலே எனக்குப் பயம் தொடங்கிவிடும். எங்கள் சபைப் பிள்ளைகள் சைக்கிளோடு குண்டடம் பக்கத்துக் கரட்டுக்குப் போகும் மாதம் அது. கரடு என்றால் இங்கே மொட்டைப் பாறைக் குன்று. அதன் உச்சியிலிருந்து ஒற்றையடித் தடத்தில் கல்லும் முள்ளுமாகச் சைக்கிளில் இறங்குவார்கள். மூன்று நாள் முகாம். காலையில் வேதபாடம், பிறகு சைக்கிள், சாயங்காலம் பாட்டும் ஜெபமும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இடமில்லை. இரண்டு வருடமாவது மேடுபள்ளத்தில் ஓட்டியிருக்க வேண்டும். பழைய கல்குவாரிச் சரிவில் கால் ஊன்றாமல் இறங்கிக் காட்டவும் வேண்டும்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் முகாமில் எண்ணுகிற வேலையெல்லாம் என் தலையில். ஹெல்மெட், தண்ணீர்க் கேன், தட்டு, ஆட்கள். சென்ற ஆண்டு பன்னிரண்டு பேர் வந்தார்கள், பத்துப் பையன்களும் இரண்டு பெண்களும். மேலே போன பன்னிரண்டு பேரும் கீழே வந்து சேரும்வரை என்னால் உட்கார முடியாது.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் எல்லோரையும்விட நன்றாக ஓட்டுகிறவள். பதினாறு வயது. அவள் அப்பா தெற்கே தேரிக்காட்டு ஊரிலிருந்து வந்து, அருள்புரத்தில் எட்டு மெஷின் போட்டு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறவர். பல மாதமாக அவருக்கு ஆர்டர் இல்லை. கடைசியாக ஒரு கம்பெனிக்குச் சாம்பிள் தைத்துக் கொடுத்திருந்தார். அது தேறினால் இங்கேயே இருப்பது; தேறாவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊருக்குப் போய்விடுவது. முகாமின் கடைசி நாளன்று பதில் சொல்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சபையே அந்தச் சாம்பிளுக்காக ஞாயிறுதோறும் ஜெபித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய கவலை வேறு. வேனில் போகும்போது என்னிடம் சொன்னாள்.

"எங்க ஊர்ல பூராம் தேரி சார். செக்கச்செவேல்னு மணலு. நடந்தாலே காலு பொதையும். சைக்கிள எங்க கொண்டுபோய் ஓட்ட?"

"ஒட்டகம் வாங்கிக்க," என்றான் பின்சீட்டுப் பையன். "அதுக்கும் ஹெல்மெட் மாட்டி விடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரட்டடியில் தன் தோட்டத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் அந்த ஊர் விவசாயி. எங்கள் மதத்துக்காரர் அல்ல. ஆனாலும் வருடம் தவறாமல் இளநீர் வெட்டிப்போட்டு வரவேற்பார், கூடவே ஒரு கிண்டலும் வைத்திருப்பார்.

"ஏனுங்க வாத்தியாரே, நாங்க சாமி கும்புடறதுக்கு மலை ஏறறோம். நீங்க கும்புட்டுப்போட்டு மலையிலிருந்து உருளறீங்களே, இது என்னங்க வேண்டுதல்?"

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உபவாசம் இருப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து தன் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார். பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒருவருடைய ஜெபத்தைக் கலைத்த பாவம் கேட்டவருக்கு வரும்.

இரண்டாம் நாள் மதியம் நான் சோற்று வாளியோடு வந்தபோது அவள் தட்டு கவிழ்ந்திருந்தது. தாண்டிப் போனேன். சாயங்காலமும் கவிழ்ந்திருந்தது. மறுநாள் காலை இட்லிக்கும் அப்படியே. இனி உச்சியிலிருந்து கடைசி இறக்கம்தான் பாக்கி.

முகாம் தலைவரைத் தனியே கூப்பிட்டேன். முப்பது வயதுக்காரர், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

"மூணு வேளை ஆச்சு தம்பி. இன்னிக்கு அவளை உட்கார வைங்க."

"கவுந்த தட்டப் பத்திப் பேசக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நான் தட்டைப் பத்திப் பேசல. பிரேக் பிடிக்கிற கையைப் பத்திப் பேசறேன்."

"நீங்க இட்லிய எண்ணுவீங்க, இட்லில உள்ள ஓட்டையவும் எண்ணுவீங்க," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் குடும்பமே இன்னைக்கு ஒரு போனுக்காகக் காத்துக் கெடக்கு சார். அவ ஜெபத்துக்குக் குறுக்க நிக்க எனக்குப் பயமா இருக்கு."

ஒரு டம்ளரில் குளுக்கோஸ் கரைத்து நானே அவளிடம் கொண்டுபோனேன். ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது சாப்பாடு இல்லம்மா, தண்ணிதான்."

"தண்ணி குடிச்சிட்டேன் சார். இனிப்பு போட்டா அது சாப்பாடுதான்."

"எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கு எப்பதான் பயமா இல்ல? நீங்க கீழ நின்னு எண்ணுங்க, மொத ஆளா நான்தான் வருவேன்."

முதலில் ஒரு பையன் வந்தான். அடுத்து இன்னொருவன். பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. மேலே விசில் ஊதும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். இரண்டாவது வளைவில் அவள் திரும்பவே இல்லை என்றாள் பின்னால் வந்த பெண். "பிரேக்கே பிடிக்கல சார். தூங்கினவ மாதிரி நேராப் போயிட்டா."

தோளெலும்பு முறிந்திருந்தது. நினைவு இருந்தது. தோட்டத்துக்காரர் தன் காரில் தாராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "தூங்கிராத கண்ணு, இதா வந்தாச்சு கண்ணு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவள் என்னைக் கேட்டது ஒன்றுதான்.

"போன் வந்துச்சா சார்?"

அவள் அப்பாவுக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சாம்பிள் தேறிவிட்டது. அவர் கட்டில் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுடைய மூன்று வேளைப் பட்டினியை அவருக்குச் சொன்னவர் முகாம் தலைவர்.

"கேட்டுட்டார் மக்கா," என்றார் அப்பா. "கர்த்தர் உன் சத்தத்தக் கேட்டுட்டார்."

அவள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"உன் உயிர விட்டுட்டு எலும்போட நிப்பாட்டிக்கிட்டார். அதுக்கு நாம நன்றியா இருக்கணும். இனிமே சைக்கிளத் தொடாத. தொட்டா, கொடுத்ததத் திரும்ப வாங்கிருவார்."

"அப்பா, நான் அதுக்குத்தானப்பா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

படியிறங்கும்போது தோட்டத்துக்காரர் கேட்டார். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "சாமி அப்படியெல்லாமுங்களா கணக்குப் பாக்கும்?" நான் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி, கர்த்தர் தன் ஜெபத்தைக் கேட்டார் என்று அவள் சபையில் சாட்சி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது, மழைக்காலத்துக்குள் ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நானும் முகாம் தலைவரும் இரண்டு முறை அவள் அப்பாவிடம் போய்ப் பேசிப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க சார். இந்த மெஷின நம்பி இங்க பத்துப் பேர் உக்காந்திருக்காங்க. நீங்க என் எடத்துல இருந்தா அவள சைக்கிள் ஓட்டச் சொல்லுவீங்களா?"

தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் குனிந்திருந்தார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இந்த மே மாதம் முகாமுக்கு முந்தின நாள் மறுபடி அங்கே போனேன். சுவரோரம் அவளுடைய சைக்கிள் நின்றது. குறுக்குக் கம்பியில் வெட்டிய துணிக்கட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் எத்தன பேர் சார்?"

"பதினொண்ணு. தட்டைக் கவிழ்த்தவங்க மலை ஏறக் கூடாதுன்னு விதி போட்டிருக்கோம்."

தலையாட்டினாள். கத்திரி நிற்கவில்லை.

"ரெண்டாவது வளைவுல எடப்பக்கம் மண்ணு அரிச்சுக் கெடக்கும் சார். வலப்பக்கப் பாறைய ஒட்டிப் போகச் சொல்லுங்க. வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிக்கணும். உள்ள போய்ப் பிடிச்சா வழுக்கிரும்."

சொல்லும்போது சட்டையைப் பிடித்திருந்த இடது கையின் இரண்டு விரல்கள் பிரேக்கைப் பிடிப்பதுபோல் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. சொல்கிறேன் என்றேன். அவள் மடியிலிருந்த நூல் துண்டுகளைத் தட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.