இரண்டிலும் சிவப்பு

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியைத்தான் வைத்துக் கட்டினேன். சாமியை ஏமாற்றினேன், வீட்டையும் ஏமாற்றினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுக்குள் வைத்துப் புழுங்கியது போதும்.

இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. மார்பை எடுத்தே ஆக வேண்டும். "எடுக்கிற அன்னைக்கே வயித்துச் சதையில புதுசா செஞ்சு வெச்சிடலாம். இல்லன்னா வைத்தியமெல்லாம் முடிஞ்சு, ஒரு வருஷம் கழிச்சும் செய்யலாம்," என்றார் டாக்டரம்மா. உடனே செய்தால் ஆபரேஷன் நேரம் ஜாஸ்தி. பின்னால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க நேர்ந்தால் புதுசு சுருங்கிப்போகலாம். "ரெண்டுமே தப்பில்ல. திங்கக்கிழமைக்குள்ள நீங்கதான் சொல்லணும்."

மயக்கம் தெளிந்து குனிந்து பார்க்கும்போது அங்கே ஏதாவது இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மாமியார் எரிந்து விழுந்தார். "உசுரு பொழைச்சா போதாதா? புள்ள பெத்து, பாலும் குடுத்து முடிச்சாச்சி. இன்னும் இன்னாத்துக்கு அது?" என் வீட்டுக்காரர் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

கடைசியில் பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எங்களுக்குக் கல்யாணமோ, போர் போடுவதோ, எதுவானாலும் குலசாமியிடம் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு; சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உடனே, சிவப்பு வந்தால் அப்புறம். பொட்டலம் கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

வெள்ளை வந்து, ஆபரேஷனில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'மாருக்கு ஆசப்பட்டு உசுர வுட்டா' என்று என் மகள் காதுபடவே ஊர் பேசும். அந்தப் பயம் ஒரு பக்கம், ஆசைப்படவே வெட்கம் ஒரு பக்கம். எனக்கு வேண்டும் என்று சொல்லத் துப்பில்லாமல், இப்போது வேண்டாம் என்று சாமியைச் சொல்ல வைத்தேன். மாமியார் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. "பாத்தியா?" என்றார்.

மார்பை எடுத்தார்கள். கீமோவும் முடிந்தது. கரண்ட் வைக்கத் தேவையே இல்லை என்றார்கள். ஐயோ, அதையும் ஒரு காரணமாக நினைத்துத்தானே மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்! பழைய வேட்டித் துணியில் பை தைத்து, சாமை நிரப்பி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். களை எடுக்கக் குனிந்தால் கழுத்துக்கு ஏறிவிடும். ஒருநாள் மழையில் நனைந்து, ஊறி, புளித்து நாறியது. சாமையைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, குளிக்கிற இடத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இப்படி இரண்டு வருஷம். போன மாதம் டாக்டரம்மா சொன்னார்: "இப்பவும் செய்யலாம். ஆனா அன்னைக்குன்னா ஒங்க மார்புத் தோலையே வெச்சிருக்கலாம். இப்ப அதுவும் இல்ல, வேற எடத்துல இருந்துதான் எடுக்கணும்."

திரும்பும் வழியில், மலை பஸ்ஸுக்கு மாறச் சின்னசேலத்தில் இறங்கியதும் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "இன்னொரு தபா பூ போட்டுப் பாக்கலாமா?"

உடைந்துவிட்டேன். நான் செய்ததைச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும். அன்னிக்கே அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சிப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்யா ஒரு வார்த்த கேக்கல?"

"நீதான் வாணாம்னு நெனைக்கிறியோன்னு கம்முனு இருந்துக்கினேன்."

செய்துகொள் என்று யாராவது ஒரு ஆள் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்திருக்கிறேன். இந்த மனுஷன் எல்லாம் தெரிந்து பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார்.

"வுடு, பூவெல்லாம் வாணாம்," என்றார். "நீயே சொல்லு. எப்ப பண்ணிக்கலாம்?"

பஸ் ஸ்டாண்டு முழுக்க ஜனம். யார் பார்த்தால் எனக்கென்ன? அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"அன்னிக்கே வேணும்யா எனக்கு," என்றேன். "அன்னிக்கே வேணும்."