சிங்கப்பூரில் கருவாடு பொரித்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கல்யாணமான இரண்டாம் வருடம், ஏழு மாதப் பிள்ளையோடு மார்த்தாண்டத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறினேன். வீட்டுக்காரருக்கு அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. முன்பு யாரோ வெள்ளைக்காரன் இருந்துவிட்டுப் போன வீட்டை அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். அதில் விறகடுப்பு கிடையாது, கேஸ் அடுப்புதான். குமிழைத் திருப்பித் தீக்குச்சி கிழித்தால் நீலமாக எரியும் என்றார். முதல் நாள் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு, ஆற அமரத் தீப்பெட்டி தேடினேன். கிழித்ததும் குப்பென்று எழும்பி என் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. ஒரு மாதம் புருவமில்லாமல் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன்.

பற்ற வைக்கப் பழகிவிட்டேன். அணைப்பதில்தான் பிடிவாதம் பிடித்தேன். ஊரில் எங்கள் வீடு ஓலை வேய்ந்தது. சமையல் முடிந்தால் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, சத்தம் அடங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படியை விட்டு நகர்வோம். எரிகிற தீயைக் குமிழைத் திருப்பி அடக்குவதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தீ குழாய்க்குள் போய் ஒளிந்திருக்கும் என்று நினைத்தேன். அதனால் முதலில் கை நிறையத் தண்ணீர் தெளித்துக் கொல்வேன், அப்புறம் குமிழை மூடுவேன்.

அவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "ஏட்டி, இதென்ன நம்ம ஊரு அடுப்பா, வெள்ளம் தெளிக்கியே? குமிழ அடைச்சா தீ தானா செத்துப்போவும். தீய அணச்சிட்டு குமிழ அடைக்க மறந்தா, அந்தக் காத்து மூணு பேரையும் கொன்னுரும்."

"நான் ஒண்ணும் மறக்கமாட்டேன். நீங்க ஒங்க ஜோலியப் பாருங்க" என்றேன். அப்போது எனக்கு வாய் அப்படி.

பக்கத்து வீட்டில் ஒரு சீனத்தி இருந்தாள். நான் கருவாடு பொரித்தால் போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று மலாயில் கத்துவாள். அவள் வீட்டில் வேகிற பன்றிக்குடல் மட்டும் மல்லிகைப்பூவா என்று கேட்க எனக்கு மலாய் தெரியாது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு கருவாடு பொரிக்கிற நாளில் சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துவிடுவேன்.

அன்றைக்குப் பொரித்தது தேங்காய்ப்பட்டணத்துக் கருவாடு. ஊரிலிருந்து வந்தவர் கொண்டுவந்து கொடுத்தது. பொரித்து முடித்துத் தண்ணீரைத் தெளித்தேன், தீ அணைந்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் பிள்ளை அழுதது. தொட்டில் அடுக்களையிலேயே கிடந்தது. போய் ஆட்டினேன். குமிழை மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. கருவாட்டுப் புகை என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. சீனத்தியின் குரல்தான். இன்றைக்கும் சண்டைக்கு வந்துவிட்டாளே என்று மூச்சுக் காட்டாமல் இருந்தேன். அவள் இடித்தாள், அலறினாள். நான் எழும்பவில்லை. இவ்வளவு சத்தத்திலும் பிள்ளை அழாமல் கிடந்தது எனக்கு நல்லதாகவே பட்டது.

அவள் சன்னல் பக்கம் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நானும் அவளை நேருக்கு நேர் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த நொடி அவள் தன் மரக்கட்டைச் செருப்பால் கண்ணாடியை உடைத்தாள். கையை உள்ளே விட்டுக் கொண்டியை எடுத்து, ஏறிக் குதித்து, நேரே போய்க் குமிழை மூடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து நான் பின்னால் போனேன். பிள்ளையின் தலை அவள் கையில் துவண்டு தொங்கியது. அதன் உள்ளங்காலில் அவள் அடித்தாள், முகத்தில் ஊதினாள், மறுபடி அடித்தாள். கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை. கடைசியில் பிள்ளை ஒருமுறை விக்கிவிட்டு வீரிட்டு அழுதது. சீனத்தி படியில் உட்கார்ந்து அவளும் அழுதாள். அவள் கையெல்லாம் ரத்தம்.

சாயங்காலம் அவர் வந்து உடைந்த சன்னலைப் பார்த்து ஆடிப்போனார். நடந்ததைச் சொன்னேன். "அவ தட்டினது ஒனக்குக் கேக்கலியா?" என்றார்.

"கேக்கல்ல. மயங்கிட்டேன்" என்றேன்.

நன்றி சொல்ல அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். அவருக்கு மலாய் நன்றாக வரும். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், அதற்குப் பிறகு இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தவித்தேன்.

திரும்பி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார்.

"பாவம், நீ தரையில மயங்கிக் கெடந்தியாமே. கண்ணு ரெண்டும் மூடியிருந்துதுன்னு அவ சொன்னா."