அனுசுயாவின் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

என் மனைவி அனுசுயாவை நினைத்தாலே தலையை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று இருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் திருத்தணியில் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடி, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி.

எங்கேயோ எட்டாத தூரத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம். அதில் பன்னிரண்டின் வேகத்தை அளந்தார்கள். அந்த வேகத்துக்கு அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டுமாம். போகவில்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத பெரும் எடை ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது எவ்வளவு என்பதுதான் இவள் ஆய்வேடு. எழுதிக் கொடுத்தும் விட்டாள்.

எனக்குப் பேருந்து நிலையத்தருகே ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை. எங்கள் ஊரில் காதுகுத்துக்கே பேனர் வைப்பார்கள், நான் சும்மா இருப்பேனா? வாய்மொழித் தேர்வுக்கு முன்பே ‘முனைவர் அனுசுயா குணசேகரன்’ என்று பத்தடிக்கு அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டேன்.

அந்த வாரமே வந்து தொலைந்தது புது அளவு. ஒரு வருடம் கழித்து அதே நட்சத்திரங்களை மறுபடி பார்த்ததில் ஐந்தின் வேகம் மாறியிருந்தது.

“அந்த அஞ்சும் ஒண்டி இல்லீங்க. ஒவ்வொண்ணுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜோடி இருக்குது. அத்தோட சுத்திகினு இருக்கற வேகத்தையும் சேர்த்துக் கணக்கு போட்டுட்டேன். அதைக் கழிச்சா அவ்ளோ எடையே தேவையில்ல” என்றாள்.

“யாருக்குத் தெரியப்போவுது? புது அளவைச் சொல்லாம வுட்டுடு!”

“எனுக்குத் தெரியுதே.”

அவளுடைய பேராசிரியர் வேதாசலம்கூட, “இப்ப பட்டத்தை வாங்கிடும்மா, அப்புறமா திருத்திக்கலாம்” என்று போனில் சொன்னார். இவள் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். இன்னும் இரண்டு வருடமாவது ஆகுமாம். மூன்று நாள் கத்தினேன்.

“ஊர்ல என் மானம் போவுதுடி!”

“பட்டம் உங்களுக்குத்தாங்க வேணும். எனுக்கு எடை சரியா வந்தா போதும்” என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். போன ஆறு வருடம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏணியைத் தூக்கிப் போய்ப் பேனரை அறுத்தேன். டீக்கடை தங்கவேல் எட்டிப் பார்த்தான்.

“இன்னா அண்ணே, அண்ணிக்குப் பட்டம் இல்லியா?”

“இல்லடா. கணக்குல தப்பு இருந்திச்சி. அவளே கண்டுபுடிச்சி, அவளே போய்ச் சொல்லிட்டா” என்றேன். “நான் மறைக்கச் சொன்னேன்.”